தலைசுற்றல் மாத்திரையை எப்போது நிறுத்த வேண்டும்?

“அம்மாவுக்கு 68 வயது. போன வருடம் கடுமையான தலைசுற்றலும் வாந்தியும் வந்தபோது எழுதிக்கொடுத்த மாத்திரையை இன்றும் காலையும் இரவும் போடுகிறார். சுற்றல் இல்லை, ஆனால் நடை தள்ளாடுகிறது. இப்போது வலது கை நடுங்குகிறது. வேறு மாத்திரை மாற்றலாமா?” என்று ஒரு வாசகி கேட்கிறார். அட்டையின் பின்பக்கம் ‘புரோகுளோர்பெரசின் 5 மி.கி.’ என்று இருக்கிறதாம்.

இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், அட்டையையும் எடுத்துப் போங்கள். நீங்களாகச் சட்டென்று நிறுத்த வேண்டாம். நடுக்கத்துக்கும் இந்த மாத்திரைக்கும் தொடர்பு இருக்கக்கூடும். தள்ளாட்டத்துக்கும்தான்.

உட்செவியில் மூன்று அரைவட்டக் குழாய்கள், உள்ளே திரவம், தலை திரும்பினால் வளையும் மயிர்ச்செல்கள் என்பதெல்லாம் பள்ளியில் படித்ததே. பாடநூல் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. தலை அசையாதபோதும், அந்தச் செல்களின் செய்தியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பு ஓய்வதில்லை. ஒவ்வோர் இழையும் நொடிக்குச் சுமார் 90 துடிப்புகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. வலப்பக்கம் திரும்பினால் வலது காதின் துடிப்பு ஏறும், இடது காதுடையது இறங்கும். மூளை பார்ப்பது இந்த ஏற்றத்தாழ்வைத்தான்.

இடது நரம்பு அழற்சியால் அடங்கிவிட்டது என்று வையுங்கள். வலது 90, இடது 0. தலையணையில் அசையாமல் கிடப்பவரின் தலை வலப்பக்கம் சுழல்வதாக மூளை முடிவுகட்டுகிறது. கண்கள் மெல்ல இடப்பக்கம் நழுவி, வெடுக்கென்று வலப்பக்கம் திரும்புகின்றன. அறை சுற்றுகிறது, வாந்தி வருகிறது.

பிறகு நடப்பதுதான் அற்புதம். முதலில் சிறுமூளை வலப்பக்கத்தின் ஆரவாரத்தை அடக்குகிறது. சில நாட்களில், மூளைத்தண்டில் இடது காதின் செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்த நரம்புச் செல்கள், செய்தி வராமலே தாமாகத் துடிக்கத் தொடங்குகின்றன. காது குணமாகாவிட்டாலும் தராசு சமமாகிவிடுகிறது! அசையாதபோது சுற்றல் நின்றுபோவது இதனால்தான். தலையை அசைக்கும்போது வரும் தடுமாற்றம் போக இன்னொரு வேலை பாக்கி: பயிற்சி. தலை திரும்பும்போது பார்வை கலங்கினால், அந்தக் கலங்கல்தான் சிறுமூளைக்குக் கிடைக்கும் பிழைத் தகவல். அதை வைத்துக் கண்ணசைவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொள்கிறது.

அம்மா போடும் புரோகுளோர்பெரசினும், தலைசுற்றலுக்கே தரும் சின்னாரிசினும் சுற்றல் உணர்வை அடக்கும் மருந்துகள். வாந்தியில் நீர்வற்றிப் போகாமல் காக்க முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு அவை தேவைதான். அதற்கு மேல் தொடர்ந்தால் மூளை கற்க வேண்டிய பாடத்தையே மங்கலாக்குகின்றன. போதாக்குறைக்கு, மூளையில் உடலசைவைச் சீராக்கும் டோபமின் என்ற வேதிப்பொருளின் வேலையையும் தடுக்கின்றன. முதியவர்களிடம் பார்கின்சன் நோய் போலவே நடுக்கம், விறைப்பு, குறுநடை வருவது அதனால். மாத்திரையை யாரும் கவனிக்காவிட்டால் நடுக்கத்துக்கென்று இன்னொரு மாத்திரை சேரும். மருந்தை நிறுத்திய பின் பெரும்பாலோருக்கு இது வாரங்களில் அல்லது மாதங்களில் தணியும்.

கழுத்தெலும்புத் தேய்மானம் என்று சொல்லி மாட்டும் கழுத்துப்பட்டையும் இதே கெடுதலைச் செய்கிறது. தலை அசையாவிட்டால் மூளைக்குப் பாடமே இல்லை. பித்தம் என்று படுக்கையிலேயே கிடப்பதும் அப்படித்தான்.

வெர்டின் என்று கேட்டு வாங்கும் பீட்டாஹிஸ்டின் வேறு வகை. அது அடக்கும் மருந்தல்ல. சுற்றல், காது இரைச்சல், கேட்கும் திறன் குறைவு ஆகியவை விட்டுவிட்டு வரும் உட்செவிக் கோளாறான மெனியர் நோய்க்கு வழக்கமாக ஒரு நாளைக்கு 24 முதல் 48 மி.கி. வரை, இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து, வயிற்றைப் புரட்டாமலிருக்க உணவோடு தருவார்கள். சுற்றும்போது மட்டும் ஒன்று போட்டுக்கொள்வதில் பயனில்லை. ஃபியோகுரோமோசைட்டோமா என்ற அட்ரினல் கட்டி உள்ளவர்களுக்குக் கூடவே கூடாது. ஆஸ்துமாவோ வயிற்றுப்புண்ணோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பார்கின்சனுக்கான செலிஜிலின் மாத்திரை, பீட்டாஹிஸ்டின் உடலில் சிதைவதைத் தடுத்து இரத்தத்தில் அதன் அளவைக் கூட்டும்.

பலன்? ஜெர்மனியில் 221 மெனியர் நோயாளிகளிடம் ஒன்பது மாதம் நடத்திய ஆய்வு 2016-இல் வெளியானது. 48 மி.கி., 144 மி.கி., வெற்று மாத்திரை என்ற மூன்று பிரிவினருக்கும் சுற்றல் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஜெர்மனி அரசு. காப்புரிமை முடிந்த மலிவு மருந்தைச் சோதித்துப் பார்க்க நிறுவனங்களுக்கு ஆர்வம் இராது. இப்படிப்பட்ட ஆய்வுக்கு நம் அரசுகளும் தாராளமாகச் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

படுக்கையில் புரளும்போது மட்டும், ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் சுற்றல் என்றால் பெரும்பாலும் உட்செவியிலுள்ள காதுக்கல் என்ற நுண்துகள் இடம் மாறியிருக்கும். அந்தக் கால்சியம் கார்பனேட் துகளை எந்த மாத்திரையும் திருப்பி அனுப்பாது. தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பிக் கல்லை வெளியேற்றும் எப்லி முறையை காது மூக்கு தொண்டை மருத்துவர் சில நிமிடங்களில் செய்துவிடுவார்.

அம்மாவின் தள்ளாட்டத்துக்கு, மருத்துவர் சம்மதத்துடன், ஒரு பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து, கை நீட்டும் தூரத்தில் ‘அ’ என்று எழுதிய அட்டையைப் பிடித்து, எழுத்திலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை இடவலமாக ஒரு நிமிடம் அசைக்க வேண்டும். எழுத்து கலங்கத் தொடங்கும் வேகத்துக்குச் சற்றுக் கீழே இருங்கள். பிறகு மேலும் கீழுமாக. ஒரு நாளைக்குப் பல தடவையாகப் பிரித்துச் செய்யலாம். முதல் வாரம் லேசாகச் சுற்றும். அதற்காக நிறுத்த வேண்டியதில்லை. வாந்தி வந்தால் வேகத்தைக் குறைத்தால் போதும்.

சுற்றலோடு பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கை கால் பலவீனம், புதிதாகக் கடும் தலைவலி, பிடிமானமின்றி நிற்க முடியாமை, திடீர்க் காது கேளாமை இவற்றில் ஏதாவது ஒன்று வந்தாலும் மாத்திரையைத் தேடாதீர்கள். உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.