சுவடுகாட்டி: சொல்லும் பொருளும்

உயிரணுவுக்குள் நுழையும் ஒரு பொருள் எந்தெந்த வேதிவினைகளைக் கடந்து எங்கே போய்ச் சேர்கிறது என்பதை அறிய, அப்பொருளின் மூலக்கூறில் வழக்கமான அணுவுக்குப் பதிலாக, அதே தனிமத்தின் வேறு நிறையுள்ள அணுவையோ கதிரியக்கமுள்ள அணுவையோ வைத்துக் கொடுப்பார்கள். அவ்வாறு அடையாளம் ஏற்றப்பட்ட பொருளையே ஆங்கிலத்தில் ஐசோடோப் டிரேசர் என்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் நம் பிள்ளைகள் உயிரியலை ஆங்கிலத்திலும் தமிழைத் தனி வகுப்பிலும் கற்பதால், இத்தகைய சொற்களின் தமிழ் வடிவம் எந்த வகுப்பிலும் அவர்கள் காதில் விழுவதில்லை. ஆகவே இதை வேரிலிருந்தே விளக்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஐசோடோப்பு. கிரேக்கத்தில் ‘ஐசோஸ்’ என்றால் சமம். ‘டோப்போஸ்’ என்றால் இடம். நிறையில் வேறுபட்டும் வேதிப்பண்பில் ஒன்றாகவே நிற்கும் அணுக்களைத் தனிம வரிசை அட்டவணையில் ஒரே கட்டத்தில்தான் வைக்க முடியும் என்று கண்ட பிரெடெரிக் சோடி, 1913இல் இச்சொல்லை வெளியிட்டார். அதை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் மார்கரெட் டாட் என்னும் மருத்துவர். கார்பன்-12, கார்பன்-13, கார்பன்-14 ஆகிய மூன்றிலும் புரோட்டான்கள் 6தான். நியூட்ரான்கள் மட்டும் முறையே 6, 7, 8. தமிழ்நாட்டில் இதற்கு ‘ஓரிடத்தான்’ என்றும் இலங்கையில் ‘சமதானி’ என்றும் வழங்குகிறார்கள். இரண்டும் கிரேக்கச் சொல்லின் பொருளை நேராகத் தாங்கியவையே. ஆயினும் கேட்ட மாத்திரத்தில் பொருள் விளங்குவது ஓரிடத்தான் என்பதால், நான் அதையே பரிந்துரைக்கிறேன்.

அடுத்தது டிரேசர். இதன் வேர், ‘இழு’ எனப் பொருள்படும் இலத்தீன் வினைச்சொல்லுக்குப் போகிறது. இழுத்த கோடு, சென்ற தடம் என்று பொருள் விரிந்தது. தமிழில் அந்த இடத்தில் இயல்பாக நிற்கும் சொல் சுவடு. நம் வீடுகளிலும் கோயில்களிலும் இன்றும் பாடப்படும் தேவாரத்தில், ‘யாதும் சுவடு படாமல் ஐயாறு அடைகின்ற போது’ என்கிறார் அப்பர். நடந்தவன் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அவன் நடந்ததற்குச் சான்றாக எஞ்சி நிற்பது சுவடு. உயிரணுவுக்குள் ஆய்வாளர் தேடுவதும் அதுவே. இதை அடியாகக் கொண்டு ‘சுவடறிவான்’ போன்ற ஆக்கங்கள் உண்டு. ஆனால் சுவட்டை அறிபவர் ஆய்வாளர், பொருள் அதைக் காட்ட மட்டுமே செய்கிறது. எனவே திசைகாட்டி, நிறங்காட்டி என்ற வரிசையில் ‘சுவடுகாட்டி’ என்பதே பொருத்தம் என்று கருதுகிறேன். இம்முறையைத் தோற்றுவித்த ஜார்ஜ் டி ஹெவெசி, 1913இல் பிரீட்ரிக் பானெத்துடன் சேர்ந்து கதிரியக்கத் தனிமங்களை இவ்வாறு பயன்படுத்தத் தொடங்கியபோது கையாண்ட சொல்லும் காட்டி என்று பொருள்படும் ‘இண்டிகேட்டர்’தான். 1923இல் அவர் கதிரியக்க ஈயம் கலந்த கரைசலில் அவரைச் செடிகளை வைத்து, ஈயம் வேரிலிருந்து எவ்வளவு மேலே ஏறுகிறது என்று அளந்தார். உயிரொன்றில் இம்முறை பயன்பட்டது அதுவே முதல்முறை. 1943ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபல் பரிசு இதற்காக அவருக்குக் கிடைத்தது.

சுவடுகாட்டியை ஆக்கும் செயலைக் ‘குறியிடுதல்’ என்று சொல்லலாம். குளுக்கோசில் ஆறு கார்பன் அணுக்கள் உள்ளன. அவற்றுள் முதலாவதும் இரண்டாவதும் கார்பன்-13 ஆக உள்ள குளுக்கோசை வளர்ப்புக் கிண்ணத்திலுள்ள உயிரணுக்களுக்குக் கொடுப்பதாகக் கொள்வோம். உயிரணு அதைச் சர்க்கரைச் சிதைவு (கிளைகாலிசிஸ்) வழியில் நேரே உடைத்தால், வெளிவரும் லாக்டேட் என்னும் மூன்று கார்பன் மூலக்கூறுகளில் பாதியில் குறியிட்ட அணுக்கள் இரண்டும் சேர்ந்தே இருக்கும். பென்டோஸ் பாஸ்பேட் வழி என்னும் மற்றொரு வினைத்தொடரில் சென்றாலோ, முதல் கார்பன் கார்பன்-டை-ஆக்சைடாகக் கழன்றுவிடும். அவ்வழியே வந்த லாக்டேட்டில் ஒரு குறிதான் மிஞ்சும். மூலக்கூறுகளை நிறைப்படி பிரித்துக் காட்டும் நிறைமாலைமானியில் இவ்விரு வகை லாக்டேட்டும் ஓர் அலகு நிறை வேறுபாட்டுடன் தனித்தனியே தெரியும். அவற்றின் விகிதத்திலிருந்து எந்த வழியில் எவ்வளவு பாய்ந்தது என்று கணக்கிடலாம். உயிரணுவை அரைத்து உள்ளிருக்கும் பொருள்களின் அளவை மட்டும் பார்த்தால் இது புலப்படாது. ஒரு பொருள் மிகுந்திருப்பதற்கு உற்பத்தி கூடியதும் காரணமாகலாம், செலவு குறைந்ததும் காரணமாகலாம்; இரண்டையும் பிரித்துச் சொல்லக் குறி வேண்டும். புற்றணுக்களின் சர்க்கரைப் பயன்பாட்டை இன்று ஆய்வோர் பெரிதும் நம்பியிருப்பது இம்முறையைத்தான்.

சுவடுகாட்டி தொடர்ந்து செல்லும் இந்த வேதிவினைகளின் தொகுதியையே மெட்டபாலிசம் என்கிறார்கள். அச்சொல்லின் கிரேக்க மூலத்துக்கு மாற்றம் என்பதற்கு மேல் பொருளில்லை. உயிரணுவின் வேதிச்செயலைக் குறிக்க அதை 1839இல் தியோடோர் ஷ்வான் எடுத்துக்கொண்டார். இலங்கை வழக்கு அனுசேபம். தமிழ்நாட்டு வழக்கு வளர்சிதை மாற்றம். இந்த இரண்டாவது ஆக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனெனில் கட்டுவதும் உடைப்பதும் ஒருசேர நடக்கின்றன என்ற உண்மை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அவ்வுண்மையை மெய்ப்பித்ததும் சுவடுகாட்டிதான். உண்ட உணவு உடனே எரிந்துவிடும், உடலின் கட்டுமானம் பெரும்பாலும் அசையாமல் கிடக்கும் என்று கருதப்பட்ட காலத்தில், 1935இல் நியூயார்க்கில் ருடால்ப் ஷோன்ஹைமரும் டேவிட் ரிட்டன்பெர்க்கும், டியூட்டிரியம் என்னும் கன ஹைட்ரஜனால் குறியிட்ட கொழுப்பை எலிகளுக்கு ஊட்டினார்கள். அதில் பெரும்பகுதி எரியாமல் சேமிப்புக் கொழுப்பில் போய்ச் சேர்ந்திருந்தது. எலிகளின் எடையோ கூடவில்லை. அப்படியானால் பழைய கொழுப்பு அதே வேகத்தில் வெளியேறியிருக்க வேண்டும்.

தென்னாப்பிரிக்கத் தமிழர் இங்கே அறிய வேண்டிய மற்றொரு செய்தி கரும்பைப் பற்றியது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பனில் கரைசேர்ந்தது முதல், டர்பனை உள்ளடக்கிய நத்தால் பகுதியின் கரும்புத் தோட்டங்களில் நம் முன்னோரின் உழைப்பு கலந்திருக்கிறது. அந்தப் பயிர் காற்றிலிருந்து கார்பனைப் பிடிக்கும் விதம் மற்றப் பல பயிர்களினின்று வேறு என்பதைக் காட்டிக் கொடுத்ததும் கார்பன்-14தான். 1940இல் மார்ட்டின் கேமனும் சாம் ரூபனும் கண்டெடுத்த இந்த ஓரிடத்தானின் அரையாயுள், அதாவது அதன் அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 5,730 ஆண்டுகள். குறியிட்ட கார்பன்-டை-ஆக்சைடைச் சில நொடிகள் மட்டும் கரும்பிலைக்குக் காட்டி, உடனே இலையைக் கொதிக்கும் ஆல்கஹாலில் இட்டு வினைகளை நிறுத்திப் பார்த்தபோது, எதிர்பார்த்த மூன்று கார்பன் சேர்மத்தில் அல்லாமல், மாலிக் அமிலம், அஸ்பார்டிக் அமிலம் ஆகிய நான்கு கார்பன் சேர்மங்களிலேயே குறி முதலில் ஏறியிருந்தது. ஹவாய் ஆய்வாளர்கள் 1965இல் இதை வெளியிட்டார்கள். 1966இல் ஆஸ்திரேலியாவில் ஹாட்சும் ஸ்லாக்கும் இவ்வழியை விளக்கினார்கள்.

பின்னர் 1990களில் நத்தாலைச் சேர்ந்த ஆய்வாளர்களும், கரும்பின் கணுவிடைத் துண்டுகளுக்குக் கார்பன்-14 குறியிட்ட குளுக்கோசைக் கொடுத்துச் சோதித்தார்கள். தண்டில் சுக்ரோசு என்னும் கரும்புச் சர்க்கரை சேர்ந்துகொண்டிருக்கும்போதே அதில் ஒரு பகுதி உடைந்தும் மீண்டும் உருவாகியும் வருவது தெரிந்தது. வெட்டப்படும் வரை சர்க்கரை தண்டில் வெறுமனே நிறைகிறது என்று நினைப்பதற்கு இடமில்லை. அங்கும் வளர்தலும் சிதைதலும்தான்.

ஓரிடத்தான்கள் வேதிப்பண்பில் ஒத்தவை என்பதை முழுச் சமம் என்று கொள்ளக் கூடாது. கன அணு சற்றே மெதுவாக வினைபுரிகிறது. ஹைட்ரஜனைவிட ஏறத்தாழ இரு மடங்கு நிறையுள்ள டியூட்டிரியத்தில் இந்த வேறுபாடு மிகுதி. இலைகளும் கார்பன்-13ஐ ஓரளவு ஒதுக்குகின்றன, கரும்பு குறைவாகவும் பீட்ரூட் வகை அதிகமாகவும். தேனில் கரும்புச் சர்க்கரை கலந்திருப்பதைச் சோதனைக்கூடங்கள் கண்டுபிடிப்பது இந்த வேறுபாட்டால்தான். அங்கே யாரும் குறியிடவில்லை, பயிரே இயல்பாகத் தன் சுவட்டைப் பதித்திருக்கிறது. எனவே அதை ‘இயற்கைச் சுவடுகாட்டி’ என்று பிரித்தும், ஆய்வாளர் சேர்த்ததைக் ‘கார்பன்-13 குறியிட்ட குளுக்கோசு’ என்பதுபோல் குறியையும் சேர்மத்தையும் சேர்த்தும் எழுதினால் குழப்பம் வராது.