பூண்டு நசுக்கினால் பூஞ்சைக்குள் என்ன நடக்கிறது?

கொடைக்கானல் மலையிலுள்ள பூம்பாறையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "எங்க மலைப்பூண்டு பூஞ்சையைக் கொல்லும்னு சொல்றாங்களே, நிஜமா? கொல்லும்னா எப்படிக் கொல்லுது? கீழ்நாட்டுப் பூண்டைவிட வீரியம் அதிகமா?"

கொல்லும். முழுப் பல்லை முகர்ந்தால் பெரிதாக வாசம் இருக்காது. அம்மியில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் மூக்கைத் துளைக்கும். பல்லுக்குள் அல்லீன் என்ற கந்தகச் சேர்மம் ஒரு பக்கமும், அல்லினேஸ் என்ற நொதி இன்னொரு பக்கமும் பிரிந்து கிடக்கின்றன. நசுங்கியதும் இரண்டும் கலந்து அல்லிசின் பிறக்கிறது. பூஞ்சைக்கு எமன் அதுதான்.

இதைச் சோதிக்கும் பழைய முறை கல்லூரியில் தாவரவியல் படித்தவர்களுக்குத் தெரியும். அகர் என்ற ஜெல்லி ஊற்றிய தட்டில் பூஞ்சையைப் பரப்பி, சாற்றில் நனைத்த காகித வில்லையை நடுவில் வைப்பார்கள். வில்லையைச் சுற்றி வெற்று வட்டம் விழுந்தால் சாறு வேலை செய்கிறது. ஆனால் பூஞ்சைக்கு எங்கே அடி விழுந்தது, எத்தனை நிமிடத்தில் விழுந்தது என்பதை அந்த வட்டம் சொல்லாது.

சொல்ல வைக்கத்தான் ஒளிரும் புரதம். ஒரு ஜெல்லி மீனிலிருந்து ஒசாமு ஷிமோமுரா 1962இல் பிரித்தெடுத்த பச்சைப் புரதம் அது. 238 அமினோ அமிலங்கள் சேர்ந்த ஒரு பீப்பாய். நடுவில் ஒளிரும் கரு. அதன் மரபணுவை ஈஸ்ட் என்ற ஒற்றைச்செல் பூஞ்சைக்குள் வைத்தால் ஈஸ்டும் பச்சையாக ஒளிரும். ஸ்ட்ராபெரியை அழுகவைக்கும் சாம்பல் பூஞ்சையிலும் வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் ஒரு குறும்பு செய்தார்கள். பீப்பாயின் சுவரில், 147ஆம், 204ஆம் இடங்களில், இருந்ததை எடுத்துவிட்டு, சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை வைத்தார்கள். சிஸ்டீனின் நுனியில் கந்தகம் இருக்கும். ரவிக்கைக் கொக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். செல் சௌகரியமாக இருக்கும்வரை கொக்கி மாட்டாது. செல்லுக்குள் இருக்கும் குளுட்டாதயோன் என்ற கந்தகக் காவலாள் மாட்ட விடமாட்டார். அல்லிசின் உள்ளே நுழைந்ததும் கந்தகம் எங்கே இருக்கிறது என்று தேடிப்போய்த் தாக்கும். முதலில் அடி வாங்குவது காவலாள்தான். அவர் தீர்ந்துபோக, இரண்டு கந்தகங்களும் கொக்கிபோல் மாட்டிக்கொள்கின்றன.

மாட்டியதும் பீப்பாய் லேசாக இழுபடுகிறது. உள்ளே இருக்கும் கருவின் ருசி மாறிவிடுகிறது! இதுவரை 488 நானோமீட்டர் நீல ஒளியை விரும்பிக் குடித்தது, இப்போது 405 நானோமீட்டர் ஊதாவைக் கேட்கிறது. எதைக் குடித்தாலும் உமிழ்வது பச்சைதான். ஆகவே இரண்டு ஒளியையும் மாற்றி மாற்றிப் பாய்ச்சி, ஊதாவில் கிடைக்கும் பச்சையை நீலத்தில் கிடைக்கும் பச்சையால் வகுக்கிறார்கள். கொக்கி மாட்டினால் இந்த விகிதம் ஏறும். ஏன் வகுக்க வேண்டும்? ஒரு செல்லில் புரதம் அதிகம் இருக்கும், இன்னொன்றில் குறைவு. பூஞ்சை இழை ஓரிடத்தில் தடிமன், ஓரிடத்தில் மெலிசு. பச்சையை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம். இட்லி மாவை ஒரு கரண்டி அள்ளினாலும் ஒரு குண்டான் அள்ளினாலும் அரிசிக்கும் உளுந்துக்குமான விகிதம் ஒன்றுதானே? அதே கணக்கு.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த காட்சி. சாறு கொஞ்சமாக இருந்தால், ஏறிய விகிதம் மெல்ல இறங்கும். செல் குளுட்டாதயோனை மறுபடி சரிசெய்துகொள்கிறது, கொக்கி கழல்கிறது. பூஞ்சை திணறி, மீண்டு வருவதை உயிரோடு பார்க்கிறோம். சாறு அதிகமானால் விகிதம் ஏறியது ஏறியதுதான்.

இந்தப் புரதத்தின் மரபணுவை 1992இல் முதலில் படியெடுத்தவர் டக்ளஸ் பிராஷர். நிதி கிடைக்காமல் ஆய்வைக் கைவிட்டு, மரபணுவை மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டார். 2008இல் அந்தப் புரதத்துக்காக மூன்று பேருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, அவர் ஒரு கார் விற்பனை நிலையத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். ஜெல்லி மீன் ஒளிர்வதால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கிறவர்கள் நம் ஊர் நிதிக் குழுக்களிலும் உண்டு. கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

ஒரு எச்சரிக்கை. படர்தாமரைக்குப் பச்சைப் பூண்டைத் தேய்க்கச் சொல்லும் பாட்டி வைத்தியத்தை விட்டுவிடுங்கள். கந்தகம் நம் தோல் செல்லிலும் இருக்கிறது. அல்லிசினுக்குப் பூஞ்சை, மனிதர் என்ற பேதம் கிடையாது. தோல் வெந்து கொப்புளம் போடும்.

சரி, மலைப்பூண்டின் வீரியம்? 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு என்பது அதற்குப் பதில் ஆகாது. ஒரே அளவு நாட்கள் உலர்ந்த இரண்டு ஊர்ப் பூண்டையும் ஒரே எடையில், ஒரே அளவு தண்ணீரில் நசுக்கி, ஒரே ஈஸ்டில் விட்டு விகிதத்தைப் பார்க்க வேண்டும். ஆய்வகத்துக்கு அனுப்புவதானால் முழுப் பல்லாக அனுப்புங்கள். சாறாக அனுப்பினால் அல்லிசின் வழியிலேயே சிதைய ஆரம்பித்துவிடும்.