பை வீட்டில் இருக்கிறது, கையில் இல்லை

கழிவுக் குறைப்பு ஆலோசகராக மளிகை அங்காடிகளில் வாடிக்கையாளர்களிடம் பேசும்போது, பிளாஸ்டிக் கூடாது என்று சொல்லாதவரைக் காண்பது அரிது; அவர்களிலேயே பலர் சற்று நேரத்தில் கல்லா முன் நின்று, "ஒரு பை போடுங்க" என்பார்கள். இதைப் பாசாங்கு என்று தள்ளிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. மனப்பான்மை மட்டும் நடத்தையாக மாறிவிடாது என்பதையும், சுற்றியிருப்போரின் எதிர்பார்ப்பும் 'என்னால் இது முடியும்' என்ற எண்ணமும் அதனுடன் சேர வேண்டும் என்பதையும் உளவியலாளர் ஐசெக் அய்சன் 1991-இல் விளக்கினார்.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கியது. துணிப்பைக்கும் பஞ்சமில்லை, கல்யாண வீடுகளில் கொடுத்த தாம்பூலப் பைகளே பரண் நிறையக் கிடக்கின்றன. ஆனால் அலுவலகம் முடிந்து பேருந்திலிருந்து இறங்கி அப்படியே கடைக்குள் நுழைபவரின் கையில் அவற்றில் ஒன்றுகூட இருப்பதில்லை. போதாக்குறைக்கு, பில் முடிவதற்குள் கடைப் பையன் பையை உதறி விரித்துவிடுகிறான். வேண்டாம் என்று சொல்ல அங்கே தனித் துணிச்சல் வேண்டியிருக்கிறது. ஆகவே, பொருள்களை எண்ணத் தொடங்கும் முன்பே "பை கொண்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்குமாறும், பையின் விலையைப் பில்லில் தனி வரியாகக் காட்டுமாறும் கடைக்காரர்களிடம் வற்புறுத்துகிறேன். கேள்வி முன்கூட்டியே வந்தால், வண்டிப் பெட்டியில் பை வைத்திருப்பவர் போய் எடுத்து வருகிறார். அயர்லாந்து 2002-இல் ஒரு பைக்கு 15 சென்ட் வரி விதித்தபோது பயன்பாடு 90 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது; அங்குள்ளவர்களின் சூழல் பற்று ஓரிரு மாதங்களில் அவ்வளவு வளர்ந்திருக்க வாய்ப்பில்லை.

நீலகிரியில் 2022-இல் டாஸ்மாக் மதுப்பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அதைக் கொடுக்கும் முறை தொடங்கியதும், காட்டில் வீசப்பட்டு யானைகளின் காலைக் கிழித்துவந்த பாட்டில்களில் பெரும்பாலானவை கடைக்கே திரும்பின. வாங்கியவரின் இயற்கைப் பற்றை அங்கே யாரும் அளந்து பார்க்கவில்லை.

மனப்பான்மைக்கு மதிப்பே இல்லை என்பதல்ல. பணமோ கண்காணிப்போ இல்லாத இடத்தில், குறிப்பாக வீட்டுக் குப்பையை மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரிக்கும் இடத்தில், அதுதான் வேலை செய்கிறது. பிரித்துக் கொடுத்த இரண்டையும் ஒரே வண்டியில் ஒன்றாகக் கொட்டுவதைப் பார்த்துவிட்டால், எவ்வளவு அக்கறை உள்ளவரும் அடுத்த வாரம் பிரிப்பதை விட்டுவிடுகிறார். அந்த வீட்டுக்குத் துண்டறிக்கை கொடுப்பதைவிட வண்டிக்குள் ஒரு தடுப்பு வைப்பதே முதல் வேலை.