நெறியாளரின் திறனை அளக்கும்போது கவனிக்க வேண்டியவை

ஆய்வு நெறியாளர் எத்தனை பேரை முனைவராக்கினார், எத்தனை கட்டுரை வெளியிட்டார் என்று கணக்குப் பார்க்கிறோம். மாணவரை எப்படி வழிநடத்தினார் என்பது அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

அதை அளக்க அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு வினாப்பட்டியலை உருவாக்கி, 283 நெறியாளர்-இளம் ஆய்வாளர் இணைகளிடம் சோதித்து 2013-இல் வெளியிட்டார்கள். மொத்தம் 26 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். தெளிவாகப் பேசுதல், எதிர்பார்ப்புகளை முன்கூட்டியே பேசி முடித்தல், மாணவருக்கு எவ்வளவு புரிந்திருக்கிறது என்று கண்டறிதல், பின்னணி வேறுபாடுகளைக் கருத்தில் கொள்ளுதல், தனித்து இயங்கப் பழக்குதல், பணிவாழ்வுக்குத் தயார்செய்தல் என ஆறு திறன்கள் அதில் அடங்கும்.

படிவத்தை இருவருமே நிரப்ப வேண்டும். நெறியாளர் மட்டும் நிரப்பினால் அவர் தன்னைப் பற்றி நினைப்பதுதான் தெரியும். மொத்தச் சராசரியைப் பார்ப்பதிலும் பயனில்லை. ‘கவனித்துக் கேட்கிறேன்’ என்பதற்கு அவர் 6 போட்டு, மாணவர் 3 போட்டிருந்தால் பேச வேண்டிய இடம் அதுதான். சராசரியில் அது மறைந்துவிடும்.

பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பயிற்சி பெற்றவர் தன் குறைகளை உணர்ந்து, முன்பைவிடக் குறைவாகப் போட்டுக்கொள்ளலாம். அதனால் பயிற்சி முடிந்தபின் ‘அப்போது எப்படி இருந்தேன், இப்போது எப்படி’ என்று இரண்டையும் சேர்த்துக் கேட்பார்கள். முன்னேறியதாகக் காட்டும் ஆசை இதில் எட்டிப்பார்க்கும். மாணவரின் மதிப்பெண் பக்கத்தில் இருந்தால்தான் இதை நம்பலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை பயம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிப்படி ஒரு நேரத்தில் பேராசிரியரிடம் 8, இணைப் பேராசிரியரிடம் 6, உதவிப் பேராசிரியரிடம் 4 ஆய்வு மாணவர்கள்வரை இருக்கலாம். நாலு பேரில் யார் 2 போட்டது என்று கண்டுபிடிப்பது கடினமா? தீசிஸில் கையெழுத்துப் போடப்போகிறவர் அவர்தான் என்பதால் எல்லோரும் 7 போட்டுவிடுவார்கள். ஆகவே துறைக்கு வெளியே ஒருவர் படிவங்களை வாங்கட்டும். சேர்ந்த ஆண்டையும் பாலினத்தையும் கேட்காதீர்கள். ஐந்து பேருக்குக் குறைந்தால் தனி அறிக்கை தராமல் துறை முழுவதற்கும் சேர்த்துக் கொடுங்கள். வைவா முடித்துப் பட்டம் வாங்கியவர்களிடமும் கேளுங்கள். அவர்கள் ஓரளவு துணிந்து சொல்வார்கள். பதவி உயர்வோடு மட்டும் இந்த மதிப்பெண்ணை முடிச்சுப் போடாதீர்கள்.

‘பொருந்தாது’ என்றொரு கட்டமும் அவசியம். முதலாண்டு மாணவருக்குப் பணிவாழ்வு பற்றிய கேள்வி பொருந்தாது. கட்டாயப்படுத்தினால் நடுவில் 4 போடுவார்.

மதிப்பெண் குறைந்த ஒன்றிரண்டு கூற்றுகளை மட்டும் எடுத்து, ‘கொடுத்த அத்தியாயத்தைத் திருத்தி 10 வேலைநாளில் திருப்பித் தருவேன்’ என்பதுபோல் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே படிவத்தை மறுபடி கொடுங்கள்.