மின்சாரம் போய் வந்தால் பிரிண்டர் ஏன் முரண்டு பிடிக்கிறது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில் பிற்பகல் மழையும் இடியும் வாடிக்கை. ஒரு பெரிய இடியில் மின்சாரம் போகும். சற்று நேரத்தில் திரும்பிவிடும். விளக்கு எரியும், வைஃபையும் வந்துவிடும். ஆனால் கடைவீட்டு மாடியில் நடக்கும் டியூஷன் நிலையத்திலோ கோயில் அலுவலகத்திலோ பிரிண்டர் மட்டும் கணினி சொல்வதைக் கேட்காது. பிரிண்டரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும்; கணினித் திரையோ ‘ஆஃப்லைன்’ என்று அடம்பிடிக்கும். உடனே பிரிண்டரைக் காரில் ஏற்றி ஈப்போவுக்குக் கொண்டு போகிறவர்கள் உண்டு. அங்கே கேபிளைச் செருகிப் பார்த்தால் நன்றாகவே அச்சிடும். பெரும்பாலும் பழுது எதுவுமே இருப்பதில்லை. பிரிண்டரின் முகவரி மாறியிருக்கும், அவ்வளவுதான்.

வலையமைப்பில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று, தொழிற்சாலையிலேயே பதித்து அனுப்பும் 48 பிட் நீளமுள்ள மேக் முகவரி. மற்றொன்று, 192.168.1.5 என்பது போன்ற ஐபி முகவரி. இதைப் பொதுவாக ரௌட்டர்தான் (கருவிகளை ஒன்றோடொன்றும் இணையத்தோடும் இணைக்கும் வைஃபை பெட்டி) கொடுக்கிறது, அதுவும் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். மின்சாரம் போனதும் பல ரௌட்டர்கள் யாருக்கு எந்த எண்ணைக் கொடுத்தோம் என்ற பட்டியலை மறந்துவிடுகின்றன. திரும்பவும் உயிர் பெற்றதும், முதலில் வந்து கேட்கும் மாணவனின் கைப்பேசிக்கு, பிரிண்டரிடம் இருந்த 192.168.1.5 போய்விடக்கூடும். பிறகு எழுந்து வரும் பிரிண்டர் பழைய எண்ணைக் கேட்டுப் பார்க்கும். கிடைக்காவிட்டால் 192.168.1.9 போன்ற வேறொன்றை வாங்கிக்கொள்ளும். கணினியோ இன்னமும் பழைய எண்ணுக்கே பக்கங்களை அனுப்பிக்கொண்டிருக்கும். கைப்பேசிக்கு அச்சிடத் தெரியாது, பதில் வராது. இந்தச் சிக்கலைத் தவிர்ப்பதற்காகவே, புதிய பிரிண்டர்கள் பலவும் தம் பெயரை வலையமைப்பில் அறிவித்துக்கொள்கின்றன. பெயரைக் கொண்டு தேடும் கணினிக்கு எண் மாறினாலும் தொல்லை இல்லை.

ஒரு பக்கம் எப்படிப் பயணம் செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது. ‘அச்சிடு’ என்ற பொத்தானை அழுத்தியதும், போக வேண்டிய முகவரி தன் வலையமைப்புக்குள்தான் இருக்கிறதா என்று கணினி முதலில் சரிபார்க்கிறது. உள்ளே என்றால், ‘192.168.1.5 யார்?’ என்ற கேள்வியை எல்லாருக்கும் கேட்கும்படி அனுப்புகிறது. உரிய கருவி மட்டும் தன் மேக் முகவரியைச் சொல்லிப் பதில் தருகிறது. அதன் பிறகு பக்கம் துண்டு துண்டாகப் புறப்படுகிறது. வழக்கமான ஈதர்நெட்டில் (கேபிள் வழியே கணினிகளை இணைக்கும் முறை) ஒரு துண்டு 1,500 பைட்டுக்கு மேல் போகாது. அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற தரத்தில் ஒரு ஏ4 தாளில் ஏறக்குறைய 35 மில்லியன் புள்ளிகள். கறுப்பு வெள்ளையில், சுருக்காமல் அனுப்பினால் சுமார் 3,000 துண்டுகள் ஆகும். எந்த மேக் முகவரி எந்தத் துளையில் இருக்கிறது என்பதை, கேபிள்களை ஒன்றுசேர்க்கும் சுவிட்ச் என்ற பெட்டி தானாகவே கவனித்துக் குறித்து வைத்திருக்கிறது. அதனால் இந்தத் துண்டுகள் மற்றக் கணினிகளைத் தொந்தரவு செய்யாமல் நேரே பிரிண்டருக்குப் போய்விடுகின்றன.

இந்தப் பயணத்தில் இணையம் எங்குமே வரவில்லை. மரம் விழுந்து கம்பி அறுந்து, இரண்டு நாள் இணையமே இல்லாவிட்டாலும், ரௌட்டருக்கு மின்சாரம் இருந்தால் போதும், எஸ்.பி.எம். (மலேசியப் பள்ளி இறுதித் தேர்வு) பயிற்சித் தாள்களை அச்சிடலாம், ஒரு கணினியில் இருக்கும் பாடக் குறிப்புகளை மற்றொன்றில் திறக்கலாம். இது தெரியாததால் ‘லைன் இல்லை’ என்று வகுப்பையே தள்ளிப்போடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. பிரிண்டர் நிறுவனத்தின் சர்வர் வழியாக அச்சிடும் கைப்பேசிச் செயலிகள் போன்றவற்றுக்குத்தான் இணையம் தேவை.

சொல்லப்போனால், ஈதர்நெட் பிறந்ததற்கே ஒரு பொது பிரிண்டர் முக்கியக் காரணம். 1973இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்கால்ஃபும் டேவிட் பாக்ஸும் அதை உருவாக்கினார்கள். ஆல்ட்டோ என்ற கணினிகள் பலவற்றையும் அங்கிருந்த லேசர் பிரிண்டரையும் இணைக்க வேண்டியிருந்தது. அன்றைய வேகம் நொடிக்கு 2.94 மெகாபிட், இன்று சாதாரண சுவிட்ச் 1,000 மெகாபிட் தருகிறது.

192.168 என்று தொடங்கும் முகவரிகள் ஈப்போவிலும் இருக்கின்றன, தெலுக் இந்தானிலும் இருக்கின்றன. குழப்பம் வராதா? தோட்டத்து லயங்களை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். 12ஆம் எண் வீடு எல்லாத் தோட்டத்திலும் உண்டு. அஞ்சல் நிலையத்துக்குத் தோட்டத்தின் பெயர் தெரிந்தால் போதும். ஆபீசுக்கு வந்த கடிதத்தை கிராணி (தோட்டத்து எழுத்தர்) பிரித்துக் கொடுத்துவிடுவார். ரௌட்டர் செய்வதும் அதுதான். 32 பிட் நீளமுள்ள இந்த வகை ஐபி முகவரிகள் மொத்தமே 4.29 பில்லியன்தான் என்பதால், உள்ளே மட்டும் புழங்கவென்று சில எண்வரிசைகளை 1994இல் தனியே ஒதுக்கி வைத்தார்கள்.

இனி பிரிண்டருக்கு வருவோம். அதன் மெனுவில் வலையமைப்பு விவரங்களை அச்சிடும் வசதி பெரும்பாலும் இருக்கும். அந்தத் தாளில் மேக் முகவரி இருக்கும். ரௌட்டரின் அமைப்புப் பக்கத்துக்குப் போய், இந்த மேக் முகவரிக்கு இந்த எண்தான் என்று நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். பழைய எண்ணையே ஒதுக்கினால் கணினிகளைத் தொடவே வேண்டாம். ரௌட்டரையும் பிரிண்டரையும் ஒருமுறை அணைத்துப் போட்டால் போதும். பிரிண்டரின் மெனுவிலேயே எண்ணைப் பதித்து வைப்பதும் ஒரு வழிதான். ஆனால் ரௌட்டர் அதே எண்ணை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

மாணவர்களின் கைப்பேசிகளை விருந்தினர் வைஃபையில் விடுங்கள். அங்கிருந்து பிரிண்டரோ மற்றக் கணினிகளோ தெரியாது. அலுவலகக் கோப்புகளுக்கு அதுதான் பாதுகாப்பு.

கோயில் அலுவலகத்திலிருந்து எதிரே உள்ள மண்டபத்துக்குக் கேபிள் இழுக்க நினைப்பவர்களுக்கு ஒன்று. செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. அதைவிட முக்கியம், அருகில் இடி விழுந்தால் அதிகப்படி மின்னழுத்தம் அந்தச் செம்பு வழியாகவே ஓடி இரண்டு முனைகளிலும் உள்ள சுவிட்சுகளைக் கருக்கிவிடும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே, உலோகம் கலக்காத கண்ணாடி இழைக் கேபிளைப் போடச் சொல்லிக் கேளுங்கள்.