போனில் சொல்லும் பதிலைத் தளத்தில் எழுதுங்கள்

கிருஷ்ணகிரியில் கடைகளுக்கும் சிறு தொழில்களுக்கும் இணையதளம் செய்து கொடுக்கிறேன். சந்தூர் பக்கம் மாங்கன்று நர்சரி வைத்திருக்கும் ஒருவர் போன வருடம் தன் தளத்தைக் காட்டினார். முதல் வரி, 'தரமே எங்கள் தாரக மந்திரம்'. கீழே எங்கிருந்தோ எடுத்துப் போட்ட மாம்பழப் படம். "இதைப் பாத்துட்டு ஒருத்தரும் கூப்பிடறதில்லைங்க" என்றார்.

அரை நாள் நர்சரியிலேயே உட்கார்ந்திருந்தேன். தெரிந்தவர்கள் சொல்லி வரும் போன்கள் அடித்துக்கொண்டே இருந்தன. ஏக்கருக்கு எத்தனை கன்று? ஜூஸ் பேக்டரிக்குப் போட எந்த ரகம்? எந்த மாசம் நடணும்? அவர் யோசிக்காமல் பதில் சொன்னார். பத்து மீட்டர் இடைவெளி என்றால் ஏக்கருக்கு 40, ஐந்து மீட்டரில் அடர் நடவு என்றால் 160. ஜூஸுக்கான கூழுக்குப் பெங்களூரா ரகம். மழைக்காலத்தில் நடுங்கள், ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்குள் போகக் கூடாது.

இவ்வளவு விஷயம் தெரிந்தவரின் தளத்தில் இதில் ஒரு வரிகூட இல்லை! கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே தலைப்பாக்கினோம், கூகுளில் தேடுகிறவரும் அப்படித்தான் தேடுவார். பதில் அவர் பேச்சில். ஒட்டுக் கட்டுவதை அவர் போனிலேயே படம் எடுத்துப் போட்டோம். விலைக்குப் பக்கத்தில் தேதி. எண்ணைத் தொட்டால் அழைப்பு போகும்படி வைத்தோம். இரண்டு மாதத்தில் நத்தத்தில் இருந்து ஒருவர், "அடர் நடவுக்கு 160 கன்னு வேணும்" என்றே பேச்சைத் தொடங்கினாராம்.

அப்புறம், டொமைன், அதாவது உங்கள் தளத்தின் முகவரிப் பெயர். இதை நினைத்தால் எனக்குக் கோபம் வரும். தளம் செய்தவரே தன் மின்னஞ்சலில் பெயரைப் பதிந்து வைத்திருப்பார். டொமைன் என்பது சொந்தமாக வாங்கும் பொருள் இல்லை, காலாகாலத்தில் புதுப்பிக்க வேண்டிய வாடகை. அவர் வேறு வேலைக்குப் போய், புதுப்பிக்காமல் விட்டால் விசிட்டிங் கார்டில், வண்டியில், போர்டில் எழுதிய முகவரி வேறு யாருக்கோ போய்விடும். ஓசூரில் ஒரு பட்டறைக்காரருக்கு இப்படித்தான் ஆனது. எட்டு வருடப் பெயர். எவ்வளவு முயன்றும் என்னால் மீட்டுத் தர முடியவில்லை.

உங்கள் தளத்தைச் செய்தவரிடம் இன்றைக்கே கேளுங்கள்: டொமைன் கணக்கு யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் இருக்கிறது, ஓடிபி எந்த எண்ணுக்கு வருகிறது, அடுத்த கட்டணம் எந்தத் தேதியில்? பெயர், மின்னஞ்சல், எண் மூன்றில் ஒன்று உங்களுடையதாக இல்லை என்றாலும் உடனே மாற்றித் தரச் சொல்லுங்கள். தேதியைக் கல்லாப்பெட்டிக்கு மேல் இருக்கும் காலண்டரில் குறித்து வையுங்கள்.