ஏசி ஓடுகிறது, காற்று வரவில்லை

சித்திரை வெயிலில் கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஏசி மெக்கானிக்கை அழைப்பவர்கள் பெரும்பாலும் “கூலிங் இல்லை” என்பதோடு புகாரை முடித்துவிடுகிறார்கள். காற்று நன்றாக வீசியும் குளிராமல் இருப்பது ஒரு பழுது. காற்றே வராமல் இருப்பது வேறொரு பழுது. இவ்விரண்டையும் பிரித்துச் சொல்லாத வீட்டில், பேச்சு நேராகக் கேஸ் நிரப்புவதில் போய் நிற்கும். காற்றோட்டம் அடைபட்ட ஏசிக்கு எத்தனை முறை கேஸ் நிரப்பினாலும் காற்று வரப்போவதில்லை.

பம்புசெட் தண்ணீரைத் தாழ்விலிருந்து மேட்டுக்கு ஏற்றுவது போல, அறைக்குள் இருக்கும் வெப்பத்தை அதைவிடச் சூடான வெளிக்கு ஏற்றி அனுப்புவதே ஏசியின் வேலை. இன்டோர் பெட்டியில் ‘காயில்’ எனப்படும், தகடுகள் பொருத்திய செப்புக் குழாய்களுக்குள், ‘கேஸ்’ என்று நாம் சொல்லும் ஆர்-32 போன்ற குளிர்பதனப் பொருள் ஏறத்தாழ 5 முதல் 10 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகும். அந்தக் கொதிப்புக்கு வேண்டிய வெப்பத்தைக் கொண்டுவந்து கொடுப்பது அறைக் காற்று. ஒரு டன் திறனுக்கு நிமிடத்துக்குச் சுமார் 11 கன மீட்டர் காற்று காயிலைக் கடந்து செல்ல வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஃபில்டர், காயில் ஆகிய இரண்டின் வழியாகவும் அந்தக் காற்றை உறிஞ்சி அறைக்குள் தள்ளுவது, உருளை வடிவில் நீண்டு கிடக்கும் ப்ளோயர்.

காற்று குறைந்தால் காயிலுக்கு வந்து சேரும் வெப்பமும் குறைகிறது. அப்போது அதன் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே இறங்க, காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகச் சொட்டாமல் தகடுகளின் இடையே பனியாக உறைகிறது. அந்தப் பனி மிச்சமிருக்கும் வழியையும் அடைக்கிறது. காற்று மேலும் குறைகிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் காற்றின் ஈரப்பதம் மிகுதி என்பதால் உறைவதற்கான ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. டெல்டாவுக்கே உரிய மற்றொரு காரணம் அறுவடை. தை, மாசியில் சம்பா அறுவடை இயந்திரங்கள் கிளப்பும் வைக்கோல் தூசி வீட்டுக்குள் வந்து படியும் காலத்தில் ஏசி சும்மா இருக்கிறது; பங்குனியில் சுவிட்சைப் போட்டவுடன் அவ்வளவு தூசியும் ஃபில்டருக்குப் போய்ச் சேர்கிறது.

ஆகவே, முதலில் ரிமோட்டில் குளிர்விக்கும் நிலையை விட்டுவிட்டு, வெறும் ஃபேன் நிலையில் அதிக வேகம் வைத்துப் பார்க்க வேண்டும். ஈரத்தைக் குறைக்கும் டிரை நிலையில் ப்ளோயர் மெதுவாகவோ விட்டுவிட்டோ சுற்றுவது இயல்பு, அது பழுதன்று. ஃபேன் நிலையில் சில மணி நேரம் ஓடியபின் காற்று மெல்லத் திரும்பினால், உள்ளே பனி இருந்தது என்று பொருள். அதைக் கத்தியால் சுரண்டுவது அறிவீனம். குழாயில் ஒரு சிறு துளை விழுந்தால் கேஸ் முழுவதும் போய்விடும்.

ஃபில்டரைக் கழுவிய பின்னும் காற்று மந்தமாகவே இருந்தால், பலரும் பார்க்கத் தவறுவது ப்ளோயரின் இறக்கைகளைத்தான். ஃபில்டரைத் தாண்டும் நுண்தூசி, ஈரத்தோடு சேர்ந்து அவற்றின் குழிவுகளில் களிமண்ணைப் போல அப்பிக்கொள்கிறது. வளைவு நிரம்பிய இறக்கை முழு வேகத்தில் சுற்றினாலும் காற்றை அள்ளாது. மேலோட்டமான சர்வீஸில் இது சுத்தமாவதில்லை. பல சமயம் ப்ளோயரைக் கழற்றியே கழுவ வேண்டியிருக்கும்.

ப்ளோயர் சுற்றவே இல்லையென்றால் மோட்டாரையும் அதன் கெப்பாசிட்டரையும் சோதிக்க வேண்டும். வீட்டுக்கு வரும் ஒற்றைக் கட்ட (சிங்கிள் ஃபேஸ்) மின்சாரம் தானாகச் சுழலும் காந்தப்புலத்தைத் தராது. மோட்டாரின் இரண்டாவது சுருளுக்குச் செல்லும் மின்னோட்டத்தைக் கெப்பாசிட்டர் சற்று முன்னே நகர்த்துவதால்தான் சுழற்சி தொடங்குகிறது. அது வலுவிழந்தால் மோட்டார் முனகும், அல்லது தளர்ந்து சுற்றும். மின்னழுத்தம் குறைந்தாலும் இதே தளர்ச்சிதான்: இவ்வகை மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், 230 வோல்ட் 180 ஆக இறங்கினால் ஏறத்தாழ 60 சதவீத விசையே மிஞ்சும். புதிய இன்வெர்ட்டர் ஏசிகள் பலவற்றில் ப்ளோயர் மோட்டாருக்குக் கெப்பாசிட்டர் கிடையாது; அங்கே சந்தேகம் மோட்டார் அல்லது அதை இயக்கும் மின்சுற்றுப் போர்டின் மீது விழும். பல்லியும் எறும்பும் போர்டுக்குள் புகுந்து கெடுப்பதும் உண்டு. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதால், பெட்டியைத் திறப்பதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது.

குளிர் நாடுகளில் இதே இயந்திரத்தைத் திசை மாற்றி வீட்டைச் சூடாக்கப் பயன்படுத்துகிறார்கள். அங்கே பனி படிவது வெளிப்பெட்டியில். அதை உருக்கும் சில நிமிடங்களுக்கு உள்ளே காற்று நிற்பது வடிவமைப்பிலேயே உள்ளது. நம் ஊரில் குளிர்விக்கும்போது இன்டோரில் பனி படிந்தால் அது எப்போதும் பழுதின் அடையாளம்தான்.

கேஸ் குறைந்தாலும் காயிலில் பனி வரும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பனி பெரும்பாலும் காயிலின் ஒரு பகுதியிலும், அவுட்டோருக்கு அருகே மெல்லிய குழாயிலும் தொடங்கும். காற்றடைப்பால் வரும் பனியோ காயில் முழுவதும் பரவியிருக்கும். கேஸ் ஓடி ஓடித் தீர்ந்துபோகும் பொருளன்று. உண்மையாகவே குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. அழுத்தத்தை அளந்து, அந்த இடத்தைக் கண்டுபிடித்து அடைத்த பிறகே நிரப்பச் சொல்ல வேண்டும்.